தூணோரத்துக் கூறு

முதலில் நான் நம்பிய அபத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பார்ட்மெண்டில் காய்கறி பங்குபோடும் ஒரு மனிதருக்கு, என் லேப்டாப் பைக்குள் இருக்கும் கொத்தமல்லிக் கட்டு வெளியிலிருந்தே தெரியும் என்று நம்பினேன். ஏதோ ஒரு சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். முழு நம்பிக்கை. ஜிப்பை இழுத்து மூடி, கொத்தமல்லியின் மேல் சார்ஜர் ஒயரைச் சுற்றி வைத்து, வாசனை வராமலிருக்க ஒரு சூயிங்கத்தையும் மென்றுகொண்டு லிஃப்டில் நிற்பேன். ஐம்பதை நெருங்கும் வயது. சர்க்கரை உண்டு. ஆபீசில் எனக்குக் கீழே ஒரு பட்டாளமே வேலை பார்க்கிறது. இத்தனை தகுதிகளுடன் ஒருவன் கொத்தமல்லி கடத்திக்கொண்டிருந்தான்.

நாங்கள் இருப்பது சிகந்திராபாத்தில், போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். காற்று ஒரு பக்கம் அடித்தால் வெங்காயம், மறுபக்கம் அடித்தால் அழுகின முட்டைக்கோஸ். நான் பிழைப்புக்காக ஊரின் இந்த முனையிலிருந்து கொண்டாப்பூர் முனைக்குத் தினமும் போய்வருகிறவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். எங்கள் அப்பார்ட்மெண்டில் என்னைப் போல வேலைக்காக வந்து ஒட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சிகந்திராபாத்தில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. இரண்டு வகையையும் சேர்த்துவைத்தது மொழி என்று மேடையில் சொல்லலாம். உண்மையில் சேர்த்துவைத்தது மூட்டை வெங்காயம்.

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு கார் மார்க்கெட்டுக்குப் போகும். மூட்டையும் கிரேட்டுமாக மொத்த விலைக்கு வாங்கிவந்து, செல்லாரில் தார்ப்பாய் விரித்துப் பிரிப்போம். கார் நிறுத்தும் கீழ்த்தளத்தை இந்த ஊரில் எல்லோரும் செல்லார் என்றுதான் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அந்தப் பங்கீடு ஒரு தெருச்சண்டை. தக்காளியை அமுக்கிப் பார்த்து எடுப்பவர் ஒருவர், முருங்கைக்காயை மடக்கிப் பார்ப்பவர் ஒருவர், தமிழில் தொடங்கித் தெலுங்கில் வளர்ந்து ஹிந்தியில் முடியும் வாக்குவாதம். அப்போதுதான் சார் குடிவந்தார்.

எங்கள் அப்பார்ட்மெண்டில் சார் என்றால் அவர் ஒருவர்தான். கோயம்புத்தூர்க்காரர். இதே ஊரில் உப்பல் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்குக் கீழே இருந்தவர்கள் எப்படி இருந்தார்களோ தெரியாது, இங்கே நாங்கள் ஒரு மாதத்தில் அவருக்குக் கீழே வந்துவிட்டோம். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் சனிக்கிழமை சண்டையை ஓரமாக நின்று பார்த்தார். இரண்டாவது சனிக்கிழமை ஒரு பிவிசி குழாய்த் துண்டுடன் வந்தார்.

"எங்க பக்கம் கெடா வெட்டுனா இப்படித்தானுங்க கூறு வெப்போம். ஒருத்தர் செவுத்தப் பாத்து நில்லுங்க. நான் கூறைக் காட்டி ஆருக்குன்னு கேப்பேன். அவரு திரும்பாம வீட்டைச் சொல்லோணும். வந்த கூறை வாயை மூடிட்டு எடுத்துட்டுப் போகோணும். அவ்வளவுதானுங்க."

சுவரைப் பார்த்து நிற்கும் பதவி எனக்குக் கிடைத்தது. பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு கூறு. முதுகுக்குப் பின்னால் குழாய் தரையில் 'டக்' என்று தட்டும். "இது?" என்பார். நான் சுவரிடம், "டூ நாட் ஒன்" என்பேன். டக். "இது?" "ஃபோர் நாட் த்ரீ." எந்தக் கூறு நல்லது, எது சொத்தை என்று எனக்குத் தெரியாது, எந்தக் கூறு யாருக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாது. இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது என்று எல்லோரும் மெச்சினோம். நானும்தான். சுவருக்கு மிக அருகில் மூக்கை வைத்துக்கொண்டு, நியாயத்தின் ஒரு உறுப்பாக என்னை உணர்ந்தேன்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எதைச் செய்வது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருக்கும். ஆபீசில் எல்லோரும் கருத்துக் கேட்கிறார்கள். வீட்டில் மகள் காரணம் கேட்கிறாள். சார் எதையும் கேட்கவில்லை. புடலங்காய் என்றால் புடலங்காய்.

பிறகு விதிகள் வந்தன. அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே சரியானவை, அதுதான் தொந்தரவு. நேரத்துக்கு வராவிட்டால் கூறு கிடையாது. வாங்கிய காயைக் குறை சொல்லக் கூடாது. வாட்ஸாப் குழுவில் அவர் மட்டுமே எழுதலாம், இல்லாவிட்டால் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவில் வெங்காயம் தொலைந்துவிடுகிறது. கடைசியாக, தெருவில் வரும் தள்ளுவண்டியில் யாரும் காய் வாங்கக் கூடாது. ஆளாளுக்கு வண்டியில் வாங்கினால் மூட்டையை யார் தலையில் கட்டுவது? நியாயம்தானே.

முதல் மாடிக்காரர் ஒருவர், புடலங்காய் முற்றல் என்று முணுமுணுத்தார். சார் கோபப்படவே இல்லை. கொங்குத் தமிழில் கோபப்படுவதற்கு ஏற்பாடே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. "உங்களுக்கு இனி வேண்டாமுங்க. எளசாப் பாத்து வாங்கிச் சந்தோசமா இருங்க" என்றார். பன்னிரண்டு பதினொன்றானது. அந்த மனிதரை யாரும் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் லிஃப்டுக்குள் வந்தால் நாங்கள் செல்போனைப் பார்த்தோம். சிறிது காலத்தில் அவர் படியேறிப் போக ஆரம்பித்தார். உடம்புக்கு நல்லது என்று பேசிக்கொண்டோம். அவருடைய இடத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தைச் சார் சேர்த்ததும் மறுபடி பன்னிரண்டு.

கொத்தமல்லிக் கடத்தல் அந்த நாட்களில்தான் தொடங்கியது. சனிக்கிழமை வாங்கும் கொத்தமல்லி செவ்வாய்க்கிழமை வாடிவிடும், புதன்கிழமை ரசத்துக்கு என்ன செய்வது? நான் மட்டுமல்ல. ஜிம் பையோடு போகாத ஜிம்முக்குப் போய்வருபவர் ஒருவர் இருந்தார். குழந்தையின் பள்ளிக்கூடப் பையில் வெண்டைக்காய் வைத்த தாய் ஒருத்தி இருந்தாள். லிஃப்டில் நாங்கள் ஒருவரையொருவர் மோப்பம் பிடித்தோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் திருடர்களாக இருந்ததால் எல்லோரும் மிகக் கண்டிப்பானவர்களாகவும் இருந்தோம். தள்ளுவண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னைப் போல முகம் சுளிக்க ஒருவராலும் முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன், அப்போது அல்ல, ரொம்பப் பிறகு. சார் என்னிடம், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, செவுத்துக்குள்ள பேசாதீங்க" என்று சொன்ன நாட்களில், மேலே ஏறும்போது வாட்ச்மேனை ஏதாவது ஒன்றுக்குத் திட்டிவிட்டுத்தான் போவேன். வாட்ச்மேன் அதை மீன்வாசனைக்கு வந்து நிற்கும் பூனையிடம் கொடுப்பான். பூனை யாரிடம் கொடுத்தது என்று தெரியவில்லை.

இப்போது மூன்றாவது மாடி அக்கா. த்ரீ நாட் டூ. அவருடைய பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து கண்டோன்மெண்டுக்கு வந்தவராம். அவருடைய தமிழில் உருதுவும் தெலுங்கும் சர்வசாதாரணமாகக் குடியிருக்கும். அக்காவின் கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறலாக வரும், ஆனால் காது, கண், கிண்டல் மூன்றும் சரியாக இருந்தன. குளிப்பாட்ட ஓர் ஆள் காலையில் வந்து அவசரமாகப் போய்விடுவான், சனிக்கிழமை அவனுக்கு விடுப்பு. அக்காவால் அவரை விட்டு அதிக நேரம் வெளியே வர முடியாது என்பதால் அவர்களுடைய கூறை நான் மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதனாலேயே அவர்களுடைய எண்ணைக் கடைசியில்தான் கூப்பிடுவேன்.

பையை வைத்துவிட்டு, நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவரைப் படுக்கையிலிருந்து தூக்கிப் பால்கனி நாற்காலியில் உட்காரவைப்போம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் தெருவைப் பார்ப்பார். அதற்காகச் சட்டை போட்டு, தலை வாரி, பவுடர் பூசித் தயாராகக் கிடப்பார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஏதோ சொல்வார், அக்கா மொழிபெயர்ப்பார்.

"என்ன சொல்றாருன்னா, வெங்காய மூட்ட எனக்கு மேல வெயிட்டா, நான் வெங்காயத்துக்கு மேல வெயிட்டான்னு கேக்குறாரு."

"மூட்டை பேசாதுக்கா. அதனால மூட்டை லேசு" என்பேன். அவர் பாதி முகத்தால் சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை அக்கா செல்லாருக்கே இறங்கி வந்தார். கையில் ஒரு கொத்தமல்லிக் கட்டு. பையில் அல்ல, கையில். பச்சைப் பசேலென்று, வேரில் ஈரமண்ணோடு. தள்ளுவண்டியில் அப்போதுதான் வாங்கியது என்று குருடனுக்கும் தெரியும். நான் அப்படித்தான் நினைத்தேன், இந்தச் சொற்களிலேயே.

"தம்பி, அவர் சட்ட போட்டுக்கிட்டு ரெடியா படுத்திருக்காரு, சீக்கிரம் வா" என்றார் என்னிடம். பிறகு சாரைப் பார்த்து, "நமஸ்தே சார்" என்று கொத்தமல்லியோடேயே கையைக் குவித்தார்.

சார் அவரைப் பார்த்தார். சாதாரணப் பார்வை அல்ல. கழுத்தை முன்னால் நீட்டி, கண்களை இடுக்கி, கொத்தமல்லியை, முகத்தை, மறுபடி கொத்தமல்லியை. "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அக்கா எதையும் கவனிக்காமல் மேலே போய்விட்டார்.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். டக். டக். கூப்பிட்டுக்கொண்டே போனேன். அக்காவின் வீடு மட்டும் மிச்சம். நாக்கில் எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குழாய் தட்டவில்லை.

"அவ்வளவுதானுங்க" என்றார் சார். குழாயைச் சுவரில் சாய்த்துவைக்கும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால், டியூப்லைட் எரியாத மூலையில் ஒரு கூறு அப்படியே இருந்தது. தக்காளி, கத்திரிக்காய், பாதிப் பூசணி. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். சார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். "சார், ஒண்ணு பாக்கி" என்று சொல்ல மூன்றே சொல் போதும். என் வாய் திறந்தும்விட்டது. கொட்டாவி விட்டேன்.

"கண்ணாலயே வெட்டிட்டாருப்பா" என்றார் இரண்டாவது மாடியில் இருக்கும் வங்கிக்காரர், பாராட்டுகிற குரலில்.

அந்தக் கூறை யாரும் தொடவில்லை. சாயங்காலம் வாட்ச்மேன் எடுத்துப் போனான். நான் மூன்றாவது மாடிக்குப் போகவில்லை. பை இல்லாமல் எப்படிப் போவது? போனால் என்ன சொல்வது? இப்படி ஆரம்பித்து, மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றால் சாருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது வரைக்கும் யோசித்தேன். தெரியும் என்றுதான் தோன்றியது.

என் மனைவிக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட். சாயங்காலம் வந்ததும், "அக்கா போன் பண்ணாங்க. மறந்துட்டிகளோன்னு கேட்டாங்க" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன்.

"சார் வாயத் தொறந்து வேண்டாம்னு சொன்னாரா?"

"சொல்லணுமாக்கும்? நீ அந்தப் பார்வையைப் பாக்கல."

"காய் குடுக்காட்டி போகட்டும். அந்த அண்ணனத் தூக்கி உக்கார வைக்கதுக்கும் சாருக்கும் என்ன?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. இது குழு விஷயம்."

"எதுக்கு இப்பிடி குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டே கெடக்கிய? உக்காந்து பயப்படுங்க, கால் வலிக்கும்."

அவள் அக்காவுக்குப் போன் செய்து, சார் நிறுத்திவிட்டதாகத் தோன்றுகிறது என்று மென்று விழுங்கிச் சொன்னாள். அக்கா, "ஹவ், சரி" என்றாராம். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டிருக்கலாம்.

அந்த வாரமே சார் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டுக்குக் கிளம்பினார். எதற்கு என்று சொல்லவில்லை, நாங்கள் கேட்கும் வழக்கமும் இல்லை. கிளம்பும்போது குழாயை என் கையில் கொடுத்து, "பாத்துக்கோங்க" என்றார். ஒரே சொல். அந்த ஒரு சொல்லை நான் ஒரு வாரம் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எதைப் பார்த்துக்கொள்வது? யாரை? அக்காவைத் திரும்பச் சேர்க்கிறேனா என்று சோதிக்கிறாரா? எனக்குள்ளே ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து மூன்று வேளையும் கூடியது. தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: பதினொரு கூறு போடு, பத்திரமாக இரு.

பதினொரு கூறு போட்டேன். வங்கிக்காரரைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுக் குழாயால் தட்டினேன். டக். அந்தச் சத்தம் சுவர்ப் பக்கமிருந்து கேட்பது வேறு, கையிலிருந்து புறப்படுவது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது வாரம் தாமதமாக வந்த ஒரு பெண்ணை நிற்கவைத்து நேரத்தைப் பற்றிப் பேசினேன். அவள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மூன்றாவது வாரம், "நேரத்துக்கு வரோணும்ங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. திருநெல்வேலியில் பிறந்த வாய். வீட்டிலும் வந்ததைக் கேட்டு மகள், "அப்பா, நுவ்வு சார் லாகா மாட்லாடுதுன்னாவ்" என்றாள். நான் சாரைப் போலப் பேசுகிறேனாம். தமிழில் சொல்லு என்று அதட்டினேன். அதையும் சாரைப் போலத்தான் அதட்டியிருப்பேன், அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஒவ்வொரு வாரமும் கூறுகளைப் படம் எடுத்துச் சாருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. சாம்பல் நிறத்திலேயே நின்றது. மற்றவர்களாக இருந்தால் சும்மா இருந்திருப்பார்கள். நான், திறக்காமலே படிக்கத் தெரிந்தவர் அவர் என்று முடிவுகட்டினேன். கோபத்தில் திறக்கவில்லை, கூறு வைத்த அழகு பிடிக்கவில்லை, கத்திரிக்காய்க் காம்பு வடக்கே பார்த்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் போனைப் பார்ப்பேன். சிக்னலில் பார்ப்பேன். பாதி விளக்கக் காட்சியில் மன்னிப்புக் கேட்டு எழுந்து கழிப்பறைக்கு ஓடியதும் உண்டு. போய் உட்கார்ந்துகொண்டு அங்கேயும் பார்த்தேன்.

"போய் அந்த அண்ணன உக்கார வச்சியளா?" என்று மனைவி ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் கேட்டாள். முதல் வாரம் பேச்சை மாற்றினேன். அடுத்த வாரத்திலிருந்து "ம்" என்றேன். சாரிடமிருந்து கற்றுக்கொண்ட 'ம்' அது. மிகப் பயனுள்ள எழுத்து.

தெருவில் நடக்கும்போது நான் மேலே பார்ப்பதில்லை. மூன்றாவது மாடிப் பால்கனி எங்கள் வாசலுக்கு நேர் மேலே இருக்கிறது. குனிந்தே நடக்கப் பழகினேன். இதற்கிடையில் அக்கா தள்ளுவண்டியில்தான் காய் வாங்கினார். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். எல்லோரும் பார்க்கும்படி, பட்டப்பகலில். எங்கள் குழுவில் அதைப் பற்றி, "எவ்வளவு தைரியம் பாரு" என்று பேசினார்கள். கடத்தல்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பேசினோம். அதிகம் பேசியவன் பையில் அன்று கருவேப்பிலையும் இருந்தது.

சார் திரும்பி வந்த சனிக்கிழமை எனக்குத் தூக்கமில்லை, பசியுமில்லை. விடியும் முன்பே செல்லாரைப் பெருக்கச் சொல்லி, கத்திரிக்காய்களை ஒரே திசையில் அடுக்கி, குழாயைத் துடைத்துவைத்திருந்தேன். லிஃப்ட் திறந்தது. கறுப்புக் கண்ணாடியோடு சார் வந்தார். எனக்கு ஏற்கெனவே அந்தக் கண்களைத் தாங்க முடியாது, இப்போது அவை எங்கே பார்க்கின்றன என்றுகூடத் தெரியாது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தார். மேலே பார்த்தார்.

"புது லைட்டு போட்டீங்களா? வெளிச்சம் ஜம்முனு இருக்குதுங்களே."

யாரும் லைட் போடவில்லை. தூண் மூலையில் அந்தப் பழைய டியூப் இன்னும் எரியாமல்தான் இருந்தது. "இல்லீங்க சார்" என்றேன்.

அவர் குழாயை வாங்கிக்கொண்டு கூறுகளின் மேல் ஓட்டினார். "ஒண்ணு கொறையுதுங்களே. மூணாவது மாடி எங்கீங்க?"

மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் அரையடி பின்னால் நகர்ந்ததால் நான் மட்டும் முன்னால் நின்றேன்.

"சார், நீங்கதானே அன்னிக்கு... அவங்க வண்டிக்கொத்தமல்லியோட வந்தப்ப..."

"என்ன கொத்தமல்லிங்க?"

"அவங்க கூறை விட்டுட்டு அவ்வளவுதான்னு சொன்னீங்க. தூணுக்குப் பின்னால இருந்தது."

சார் தூணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று வந்து போனது, வெட்கம்தான் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு கண்ணுலயும் புரைங்க. ஆப்பரேசனுக்குத்தான் போனது. இத்தனை நாளா போன்கூடப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. அன்னிக்கு அந்தம்மணி வந்ததே நெழலாட்டந்தான் தெரிஞ்சுது, ஆருன்னே மட்டுப்படல. கையில வெச்சிருந்தது கொத்தமல்லியா கோணிப்பையான்னு நான் எங்கீங்க கண்டேன்? தூணுக்குப் பின்னால கூறு கெடந்ததும் தெரியலீங்க."

வங்கிக்காரர் மெதுவாக, "நாங்க அப்பவே நினைச்சோம்" என்றார். என்ன நினைத்தார் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் சார் நல்லவராகிவிட்டார் என்று எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். வெட்கம் வந்த வேகத்தில் போய்விட்டது. அவருக்கு வந்த கோபம் அக்காவுக்காக வந்ததல்ல.

"ஒரு வீட்டை எடுக்கறதுன்னா அது நான் சொல்லோணும். நான் சொல்லாம எடுக்கறதுக்கு நீங்க ஆருங்க?"

"சார், நீங்க சொன்ன மாதிரிதான்..."

"குழாயை ரெண்டாவது மாடிக்காரருகிட்டக் குடுத்துருங்க. நீங்க செவுத்துக்கும் வேண்டாம். ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு செல்போனைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரி மட்டும் செல்போனைப் பார்க்கவில்லை. அவளுக்கு என்னைப் பார்ப்பதே போதுமாக இருந்தது.

எல்லாக் கூறையும் கலைத்து மறுபடி பன்னிரண்டாகப் போட்டார்கள். த்ரீ நாட் டூ மூன்றாவதாகவே வந்துவிட்டது. யார் கொண்டுபோவது என்று ஒருவர் கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டேன். லிஃப்டில் போகும்போது என்னென்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கண்புரை கதையைச் சிரிப்பாகச் சொல்லலாம், நான் சொன்னால் யாரும் சிரிப்பார்கள், அந்த அண்ணன் கட்டாயம் சிரிப்பார். சாரைப் போல் நடித்துக் காட்டலாம். மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அக்கா கதவைத் திறந்தார். பையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சார் மாஃப் பண்ணி மன்னிச்சிட்டாரா?"

"அவருக்குக் கண்ணே தெரியலக்கா. கண்புரை. அவர் ஒண்ணுமே சொல்லல. நாங்களாதான்..."

அக்கா சிரிக்கவில்லை. "அவருக்குக் கண்ணு தெரியல, சரி. உனக்கு?" என்றார். பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, "கைக்கு நிக்கிற? ஏன் வாசல்லயே நிக்கிற, உள்ள வா" என்று வழிவிட்டார்.

பையைச் சமையலறை வாசலில் வைத்தேன். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. நாற்காலியின் மேல் துவைத்த துணி மடித்து அடுக்கியிருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பனியனோடு.

"உக்கார வைக்கலாமாக்கா?" என்றேன்.

"நக்கோ, வேணாம். தூங்கட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொத ரெண்டு மூணு சனிக்கெழம சட்ட போட்டு வைன்னு ஒரே ரகள. போட்டுவிட்டேன். லிஃப்ட் சத்தம் கேட்டா கதவப் பாப்பாரு. அப்புறம் கேக்குறதில்ல."

அவர் தூங்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய ஒரு கண் தெரிந்தது, திறந்திருந்தது. நான் வெங்காய மூட்டையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் திரும்பவில்லை.

அன்றும் அவர் பால்கனியில் உட்காரவில்லை. நான் லிஃப்டில் இறங்காமல் படி வழியாக வீட்டுக்குப் போனேன்.